ராத்திரி யார் எழுந்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

லால்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய் உதவும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்னக் குழுவில் இப்போது வேலை பார்க்கிறேன். நான் சமூகப் பணி படித்தவள் இல்லை. என் மாமியாருக்கு மறதி நோய் வந்து, ஏறக்குறைய ஐந்து வருஷம் அவரை வீட்டில் வைத்துப் பார்த்து, அதில் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு. அந்தக் காலத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள் வீட்டுக்கு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எங்களுக்குச் சில லட்சம் ரூபாய் மிஞ்சியிருக்கும். அத்தைக்கு வலி குறைந்திருக்கும். என் உடம்பும் இந்த அளவுக்குக் கெட்டிருக்காது. இதை எழுதுவது இரண்டு தரப்புக்காக: வீட்டில் வயதானவரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும், அந்த வீடுகளுக்குப் போகப் பயிற்சி எடுப்பவர்களுக்காகவும்.

மாமா ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவர் இறந்த பிறகு அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. என் கணவர் சார்ஜாவில். நாத்தனார் கோயம்புத்தூரில். வீட்டில் அத்தை, நான், பள்ளிக்கூடம் போகும் பையன். 2019 வாக்கில் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழும். பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு மறுநாள் மறுபடி கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொழுக்கட்டை பிடிப்பவர் மாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அந்தப் பழி வந்தது. வளையலைக் காணோம், மருமகள்தான் எடுத்து அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று தெருவில் நின்று சொன்னார். தெரு நம்பியது. நாத்தனாரும் போன் போட்டு, "அண்ணி, எடுத்திருந்தா சொல்லிடுங்க, அம்மாவ அழ வைக்காதீங்க" என்றார். வளையல் அரிசி டிரம்முக்குள் இருந்தது. கிடைத்த பிறகும் நானே கொண்டுபோய் வைத்ததாகத்தான் பேச்சு. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. நோய் என்று தெரியாதபோது அது பொய்யாகவும் பகையாகவும்தான் தெரியும்.

அது நோய் என்று தெரிய எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் "வயசானா அப்படித்தான்" என்றார்கள். ஊசி போட்டார்கள். தலை ஸ்கேன் ஒரு இடத்தில் எடுத்ததை இன்னொரு இடத்தில் ஏற்காமல் மறுபடி எடுத்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி மந்திரித்தோம். மூளைக்கு நல்லது என்று பார்சலில் வந்த ஒரு டானிக்குக்கு மட்டும் மாதம் மூவாயிரம் போனது. எல்லாம் சேர்ந்து எண்பதாயிரத்துக்குக் குறையாது. கடைசியில் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவர் பொறுமையாகக் கேள்வி கேட்டு, அத்தையைக் கடிகாரம் வரையச் சொல்லி, ரத்தத்தில் பி12 வைட்டமின், தைராய்டு, சோடியம் எல்லாம் பார்த்துவிட்டு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்றார். மாத்திரை இதைக் குணப்படுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் நிலையைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் என்றும் நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அப்படியென்றால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடாவது இருக்கும். அந்த வீட்டில் ஒரு மருமகளோ மகளோ மனைவியோ திருட்டுப் பழி சுமந்துகொண்டு இருப்பார்.

ஆகவே புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறோம். நோய் இன்னது என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. ஆனால் "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்பது நம் வேலை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததா, இல்லை இரண்டு நாளில் திடீரென்று வந்ததா? மெல்ல வந்தது என்றால் மறதி நோயாக இருக்கலாம். ஆனாலும் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை இவையும் மறதிபோலவே தெரியும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதால் முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். திடீரென்று வந்தது என்றால் அது அவசரம். இதை நாங்கள் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டோம். நோய் தெரிந்து ஒரு வருஷம் ஆனபோது, ஒரு வார இறுதியில் அத்தை சுவரில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கத்தினார், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். நோய் முற்றிவிட்டது போல என்று எல்லோருமே நினைத்தோம். மூன்றாம் நாள் அவர் கண் திறக்காதபோதுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சிறுநீர்த் தொற்று, அது ரத்தத்தில் கலக்கும் நிலைக்குப் போயிருந்தது. ஐ.சி.யூ.வில் இருந்த செலவு அறுபதாயிரத்தைத் தாண்டியது. தொற்று சரியானதும் சுவரில் நின்ற ஆட்களும் போய்விட்டார்கள். முதல் நாளே தெரிந்திருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் சில நாள் மாத்திரையும் போதுமாக இருந்திருக்கும். வயதானவர் திடீரென்று குழம்பினால் சிறுநீர், சளி, மலச்சிக்கல், சோடியம், புதிதாகச் சேர்த்த மாத்திரை, தண்ணீர் குடிக்காதது ஆகிய எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். எங்கள் பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லி அலுப்பூட்டும் பாடம் இதுதான்.

அத்தை வெளியே போக ஆரம்பித்ததும் அந்தச் சமயம்தான். "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று மாலை ஐந்து மணிக்கு மேல் வாசலில் நிற்பார். "இதுதான் அத்தை உங்க வீடு" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் படபடப்பு கூடும். அந்தப் பதில் வேலை செய்யாது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் காய்கறி வாங்கிவிட்டு வந்து பார்த்தால் வீடு திறந்து கிடந்தது. இருட்டிய பிறகு ரயில்வே ஸ்டேஷனில், அரியலூர்ப் பக்கம் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போக டிக்கெட் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார். பிறகு நானாகவே கண்டுபிடித்த வழி, "வாங்க போகலாம்" என்று கூடவே கிளம்பி, அவர் அம்மா வீட்டுக் கிணறு, மாடு, தாத்தா என்று பேச்சுக் கொடுத்தபடி தெருவைச் சுற்றிவிட்டு வருவது. திரும்பி வரும்போது அவரே முதலில் வீட்டுக்குள் போவார். இப்போது பயிற்சியில் இதை நடித்துக் காட்டுகிறோம். ஒருவர் முதியவராக நிற்பார், மற்றவர் பேச வேண்டும். "இல்லை", "தப்பு", "எத்தனை தடவை சொல்றது" ஆகிய மூன்றையும் சொல்லக் கூடாது என்பது விதி. பெரும்பாலானோர் ஒரு நிமிஷம்கூடத் தாங்குவதில்லை. அப்போதுதான் வீட்டில் நாள் முழுக்க அதைச் செய்பவர் மேல் அவர்களுக்கு மரியாதை வருகிறது. போன் நம்பர் எழுதிய துணியை ரவிக்கையின் உள்பக்கம் தைத்துவிடுவது, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பஸ் நிறுத்தக் கடைகளில் முன்கூட்டியே சொல்லிவைப்பது இவையும் பாடத்தில் உண்டு. ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று குடும்பங்கள் மறைக்கும். அந்தக் கூச்சத்தைக் கரைப்பதில்தான் பணியாளரின் திறமை.

2022 முழுக்க எனக்கு ஓட்டமாகவே போனது. பள்ளி அலுவலகத்தில் பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் இருந்த வேலையை அந்த வருஷம் விட்டேன். வேலையை விடாமல் சமாளிக்கத்தான் முதலில் ஓர் ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஆள் வைத்தோம். பதிவுக் கட்டணம், முன்பணம் என்று இருபத்தைந்தாயிரம் வாங்கிக்கொண்டார்கள். வந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும், பாவம், அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. மறதி நோய் என்றால் என்ன என்றே தெரியாது. அத்தை அடித்ததும் பயந்து, மாதம் முடியும் முன்பே போய்விட்டாள். மாற்று ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள் பிறகு போனை எடுக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. ஆள் வைக்கப்போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: என்னென்ன வேலை செய்வார், எதைச் செய்ய மாட்டார், அவர் போய்விட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், வராவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும், அவருடைய ஆதார் நகலும் வீட்டு முகவரியும் யாரிடம் இருக்கும், வார விடுமுறை எப்போது. கொடுக்கும் சம்பளத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் கேளுங்கள். குறைவாகப் போனால் அவர் தங்கமாட்டார்.

அதே வருஷம் பென்ஷன் பிரச்சினை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும் நேர்காணலுக்குக் கொரோனா சமயத்தில் விலக்கு கொடுத்திருந்தார்கள். 2022-ல் மறுபடி தொடங்கியது. நேரில் வரவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆட்டோவில் அத்தையைத் தூக்கி உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அவர் சேலையை அவிழ்க்கத் தொடங்கியபோது, எல்லோர் முன்னாலும் அவரைப் போர்த்திக்கொண்டு நான் அழுதேன். தபால்காரரே வீட்டுக்கு வந்து, 70 ரூபாய் கட்டணத்தில் கைரேகை வைத்து டிஜிட்டல் வாழ்நாள் சான்று போட்டுத் தருவார் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காமல் போகலாம், அப்போது செல்போனில் முகத்தைக் காட்டிச் செய்யும் முறை இருக்கிறது. வங்கியிலும் இதே கதைதான். கையெழுத்து மாறிப்போனதால் சில மாதம் பணமே எடுக்க முடியாமல், கணவரிடமிருந்து கடன் வாங்கித்தான் குடும்பம் நடந்தது. நோயினால் கையெழுத்துப் போடவும் முடியாது, வங்கிக்கு வரவும் முடியாது என்றால், கைநாட்டையோ அதுவும் இயலாவிட்டால் கால் விரல் ரேகையையோ இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க, பணம் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரவேண்டும் என்று 2017-லேயே சுற்றறிக்கை உண்டு. எழுத்து மூலம் கேட்டால் பெரும்பாலும் நடக்கிறது, வாயால் கேட்டால் அலைய விடுகிறார்கள்.

ஆனால் மனம் தெளிவில்லாதவருடைய சொத்தும் பணமும் வேறு விஷயம். அவர் சார்பில் செயல்படும் அதிகாரத்தை (பவர்) எழுதி வாங்கினாலும், எழுதிக்கொடுத்தவருக்கு அறிவு தெளிவில்லாமல் போனதும் அது செல்லாது. முற்றிய நிலையில் சட்டப்பூர்வப் பாதுகாவலராக வேண்டும் என்றால் உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது. ஆகவே நோய் தெரிந்த முதல் சில மாதங்களில், அவருக்கு இன்னும் விவரம் இருக்கும்போதே, பென்ஷன் கணக்கு தவிர மற்ற சேமிப்புக் கணக்குகளைக் கூட்டுக் கணக்காக்குவது, நியமனதாரரை (நாமினி) பதிவது, உயில் பற்றி அவருடைய விருப்பத்தைக் கேட்பது எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டு செய்தால் பின்னால் சண்டை குறையும். எங்கள் வீட்டில் அது நடக்காததால் நாத்தனாரோடு பேச்சே நின்றுபோனது, அது இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, கையிலிருந்து கொடுத்தது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம், அதில் பாதி நகை அடகு. வீட்டுக்கு வந்த பிறகு பென்ஷன் விவரச் சீட்டை ஒருவர் பார்த்துவிட்டு, "மாசாமாசம் இன்ஷூரன்ஸுக்குப் பிடிச்சிருக்காங்களேம்மா, சொல்லலையா?" என்றார். ஓய்வூதியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் அத்தையும் இருந்திருக்கிறார். பட்டியலில் உள்ள மருத்துவமனையில், சேர்க்கும்போதே அட்டையைக் காட்டி அனுமதி வாங்கியிருந்தால் பெரும் பகுதி செலவு இல்லை. பின்னால் கேட்டபோது கிடைக்கவில்லை. அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை. இப்போது எங்கள் பணியாளர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஆதார், குடும்ப அட்டை, எந்தக் காப்பீடு, எந்த மருத்துவமனைகள், மாத்திரைப் பட்டியல், பென்ஷன் எண், யாருக்கு முதலில் போன் செய்வது, எல்லாம் ஒரே இடத்தில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒன்று, ஓய்வூதியர் காப்பீடு வேறு ஒன்று, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் வரை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது இன்னொன்று. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைக் கீழே விழுந்த பிறகு தேடக் கூடாது. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் வைக்க அதிகம் செலவாகாது. அதை முதல் வருகையிலேயே கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்கிறோம்.

படுத்த பிறகு படுக்கைப் புண் வந்தது. முதுகின் அடிப்பகுதியில் சிவப்பாக இருந்த இடத்தில் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். தேய்க்கவே கூடாது என்று பிறகு தெரிந்தது. புண் ஆழமாகிவிட்டது. எங்கள் ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்க ஒரு தன்னார்வலர் அக்கா வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. அவர் வாசலில் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும் ஆளாகத்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் நாற்றத்தை வைத்து அவரே உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எங்ககிட்ட தனியா நர்ஸ் இருக்காங்க, நீங்க ஏன் கேக்கல?" என்றார். கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. வலி தணிப்புச் சிகிச்சை நர்ஸ் வந்தார், இயன்முறை மருத்துவரும் வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, குதிகால் படுக்கையில் படாமல் தலையணை கொடுப்பது, புண்ணைச் சுத்தம் செய்வது, படுத்த நிலையில் ஊட்டாமல் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி அரை மணி நேரம் அப்படியே விடுவது எல்லாவற்றையும் அந்த நர்ஸ் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். படுத்தபடி ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரலாம். அவர் போன பிறகு வெகு நாளுக்கு அப்புறம் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்த நர்ஸ்தான் முதன்முதலில் என்னிடம், "ராத்திரி யாரு எந்திரிக்கிறீங்க?" என்று கேட்டார். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் அத்தை சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்றால் அதற்கு ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். அந்த ஆள் நான் ஒருத்திதான். அந்தச் சமயத்தில் எனக்கு இடுப்பு வலி, பிரஷர், எடை குறைவு. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: விடியற்காலை மூன்று மணிக்கு மூன்றாவது முறை துணி மாற்றும்போது, சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். அடுத்த நிமிஷமே அவர் தலையைத் தடவிக்கொடுத்து அழுதிருக்கிறேன். வயதானவரைப் பார்த்துக்கொள்பவர்கள் பலருக்கும் இந்த நினைப்பு வரும். அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால், கை ஓங்கும் நிலைக்குப் போகாமல் பலர் தப்பிப்பார்கள். அதனால்தான் பணியாளர்கள் பார்த்துக்கொள்பவரிடம் தனியாக, முதியவர் காதில் விழாத இடத்தில், மற்ற சொந்தங்கள் இல்லாத நேரத்தில் பேசவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ பேசி, மாதத்துக்கு சில நாளாவது வந்து இருக்கச் சொல்ல, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரால்தான் முடிகிறது. நான் கேட்டால் அது சண்டை, பணியாளர் கேட்டால் அது ஏற்பாடு.

அத்தை 2024-ல் போனார். சில மாதம் கழித்து, உள்ளூர் அறக்கட்டளை ஒன்று நடத்திய பயிற்சிக்கு அந்தத் தன்னார்வலர் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கேரளத்தில் அக்கம்பக்கத்தினரே சேர்ந்து படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் முறையைத் தெரிந்தவர்கள் அதில் பேசினார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புக்காகத் தொடங்கிய ஒரு சிறு முயற்சி, பஞ்சாயத்துகள் வரை பரவி, 2008-ல் அந்த மாநில அரசு அதற்கென்று தனிக் கொள்கையே அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்தது என்று கேட்டபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. முதுமை எப்படி இருக்கும் என்று நாங்கள் உணர, முதல் நாள் எங்கள் மூக்குக் கண்ணாடியில் வாசலைன் தடவி, காதில் பஞ்சு வைத்து, செருப்புக்குள் துவரம்பருப்பைப் போட்டு நடக்கவிட்டார்கள். படுக்கவைத்து இன்னொருவர் கையால் வேகமாக ஊட்டினார்கள். விழுங்கும் முன் அடுத்த கரண்டி வரும்போது ஏற்படும் பயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பயிற்சியில் நல்லது நிறைய இருந்தது, குறையும் இருந்தது. உடம்பைப் பற்றி ஏராளமாகச் சொன்னார்கள், அலுவலகங்களைப் பற்றி எதுவும் இல்லை. இப்போது நாங்கள் நடத்துவதில் வகுப்பறைக்கு வெளியே சில நாட்களை ஒதுக்குகிறோம். தாலுகா அலுவலகம், வங்கி, தபால் நிலையம், கோட்டாட்சியர் அலுவலகம் என்று நேரில் கூட்டிக்கொண்டு போகிறோம். 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது, பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி கோட்டாட்சியரிடம் எப்படி மனு எழுதுவது, அதில் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும் என்பது, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பார்த்துக்கொள்ளாதபோது 23-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம் என்பது, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதவைத்துப் பழக்குகிறோம். உடம்பில் காயம், பூட்டிய அறை, பசி என்று தெரிந்தால் தனியாகச் சண்டைக்குப் போகாமல் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லவேண்டும். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை எடுப்பார்கள்.

இன்னும் சில விஷயங்கள், அனுபவத்தில் வந்தவை. முதல் வருகையில் நோட்டையும் படிவத்தையும் வெளியே எடுக்க வேண்டாம். கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்துவிட்டால் அந்த வீடு அப்புறம் திறக்காது. செய்ய முடியாததை வாக்குக் கொடுக்க வேண்டாம். "உதவித்தொகை வாங்கித் தர்றேன்" என்பதைவிட "மனு எழுதித் தர்றேன்" என்பது உண்மை. தனியாக இருக்கும் ஆண் முதியவர் வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள், திண்ணையில் உட்காருங்கள். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொன்னால் கிராமத்தில் வேலை அன்றோடு முடிந்தது. எங்கள் குழுவில் இதற்காகவே ஒருவரை நிறுத்தவேண்டி வந்தது, எனக்கு அவர் மேல் பாசம் இருந்தும். பயிற்சி நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது சேவை, மனம் இருந்தால் போதும் என்று சொல்லிப் பெண்களை வெறும் பஸ் காசில் வேலை வாங்காதீர்கள். மாதச் சம்பளம் கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்களை உட்காரவைத்து அவர்கள் பார்த்ததைப் பேசவிடுங்கள். கஷ்டமான வீடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு வருஷத்தில் களைத்துப் போவார். எங்கள் முதல் அணியில் பாதிப் பேர் அப்படித்தான் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். வகுப்பில் ஒரு நாளையாவது வீட்டில் பார்த்துக்கொண்ட ஒருவரிடம் முழுசாகக் கொடுங்கள். மருத்துவரும் வழக்கறிஞரும் சொல்லாததை அவர் சொல்வார்.

முதியவர் இறந்த பிறகும் வேலை இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தங்கள் கிளம்பிவிடும். அதற்கு அடுத்த வாரம் பணியாளர் கட்டாயம் ஒருமுறை போகவேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தார்களா, பென்ஷன் கருவூலத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்தார்களா என்று முதலில் பார்க்கச் சொல்கிறோம். தெரிவிக்காவிட்டால் அதற்கப்புறம் கணக்கில் ஏறும் பென்ஷனைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள், அதற்குள் அது காரியச் செலவில் கரைந்திருக்கும். வாரிசுச் சான்றுக்கு மனுப் போட உதவவேண்டும். மிச்சமிருக்கும் ஏர் பெட், வாக்கர், டயப்பர் பாக்கெட்டை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கவேண்டும். பெரும்பாலோர் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டவருக்குப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், ஏனென்றால் அத்தனை வருஷமும் தன் உடம்பை அவர் காட்டியே இருக்க மாட்டார். வேலையை விட்டவராக இருந்தால் திரும்பச் சேர வழி இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்கிறோம். எங்கள் குழுவில் இப்போது இருப்பவர்களில் மூன்று பேர், அந்தக் கேள்வியைக் கேட்டபோது எங்களிடமே பயிற்சிக்கு வந்தவர்கள்.